ஈரடுக்குப் பாலத்தின் கீழடுக்கு காலியாகக் கிடக்கிறது

27 அக்டோபர் 2023 | தென்காசியிலிருந்து ஒரு வாசகர்

அண்ணாச்சி, ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்ற நகரம் கட்டும் கணினி ஆட்டத்தின் முதல் பாகத்தில் நீங்கள் கட்டிய நெல்லையைப் பார்த்துத்தான் நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாகம் வந்துவிட்டது. பார்க்கிற இடமெல்லாம் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ குற்றம் ஆட்டத்தில் இல்லை, அளவுக்கு மீறி ஆசைப்பட்ட நம்மிடம்தான் என்று படுகிறது. முதல் பாகம் ஆடாத ஒருவனுக்கு இது நல்ல ஆட்டமாகவே தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வாங்கலாமா?

27 அக்டோபர் 2023, இரவு

வாங்காதே தம்பி. இப்போதைக்கு வாங்காதே. காரணத்தை நாளை எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபம் மட்டும்தான் வரும்.

28 அக்டோபர் 2023

திங்கட்கிழமை ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் விஜயதசமி, ஆட்டம் வெளியாகும் நாளும் அதுவே. பிள்ளைகளுக்கு எழுத்து தொடங்கிவைக்கும் நாளில் புது நெல்லைக்கு முதல் சாலையைப் போடப்போகிறோம் என்று மனம் அடித்துக்கொண்டது. அக்கா வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. தசரா சப்பரங்கள் பார்க்க வா மாமா என்று மருமகன் மூன்று முறை போன் செய்தான். போகவில்லை. ஆட்டம் இறங்கி முடிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பாய். முதல் பாகம் வெளியானது 2015 மார்ச்சில். அதில் நான் கட்டிய நெல்லைக்கு ஏழு வயது. அந்த ஆட்டத்துக்கு உள்ளே ஒரு வரம்பு உண்டு. ஒரே நேரத்தில் தெருவில் நடமாடக்கூடியவர்கள் 65,536 பேர், ஓடக்கூடிய வண்டிகள் 16,384. அதற்கு மேல் எத்தனை வீடு கட்டினாலும் ஆட்கள் வெளியே வரமாட்டார்கள். என் ஊர் இரண்டரை லட்சத்தைத் தாண்டியபோது அந்த வரம்பில் போய் முட்டியது. ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டைக்கு பஸ் வரும், நிற்கும், ஏற ஆள் இருக்காது. உண்மையான திருநெல்வேலி மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பிலேயே 4.7 லட்சம் பேருக்கு மேல். ஊரில் பாதியைக்கூட என்னால் தெருவில் இறக்க முடியவில்லை.

இடமும் போதவில்லை. முதல் பாகத்தின் வரைபடம் 25 கட்டங்கள் கொண்டது, அதில் ஒன்பதுதான் ஆட்டம் தரும். மோட் (ஆடுகிறவர்களே செய்து ஆட்டத்தில் சேர்க்கும் மாற்றம்) போட்டு 25 கட்டங்களையும் திறந்தாலும் சுமார் 92 சதுர கிலோமீட்டர். மாநகராட்சியின் பரப்பு 108.65. ஊரின் மேற்கே இருக்கும் பேட்டையை வைத்தால் கிழக்கே நெடுஞ்சாலைப் பக்கம் இருக்காது, கிழக்கை வைத்தால் மேற்கு இருக்காது. ஏழு வருடமும் என் ஊரில் பேட்டை இல்லை.

இரண்டாம் பாகத்தை 2023 மார்ச் 6 அன்று அறிவித்தார்கள். அந்த நடமாட்ட வரம்பு இனி இல்லை என்றார்கள். சில மாதம் கழித்து, நிலம் 441 சிறு கட்டங்கள், மொத்தம் 159 சதுர கிலோமீட்டர் என்றார்கள். அன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்து கணக்குப் போட்டேன். பேட்டை வருகிறது. மேலப்பாளையம் வருகிறது. தச்சநல்லூர் வருகிறது. இதை அளவுக்கு மீறிய ஆசை என்று நீ சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. சொன்ன எண்ணை நம்பிக் கணக்குப் போட்டேன், அவ்வளவுதான்.

என் கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படத்தை வரையும் பாகம், ஜிடிஎக்ஸ் 1650. அவர்கள் சொன்ன குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 970, ஏறக்குறைய அதே வலிமை. பரிந்துரைத்தது ஆர்டிஎக்ஸ் 3080. அந்த ஒரு கார்டின் விலைக்கு இங்கே ஓடுகிற நிலையில் ஒரு பழைய பைக் வாங்கலாம். அதனால் என் திரை திணறியதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பு, நினைத்த அளவுக்கு இதன் ஓட்டத்தைக் கொண்டுவர முடியவில்லை, இருந்தாலும் குறித்த நாளில் வெளியிடுகிறோம் என்று தயாரித்தவர்களே அறிவித்தார்கள் அல்லவா? அதைத்தான் நான் கேட்கிறேன். தெரிந்தே ஏன் வெளியிட வேண்டும்?

29 அக்டோபர் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 25 கட்டம்தான் உச்சம் என்பதுபோல எழுதிவிட்டேன். 81 கட்ட மோட் இருக்கிறதே என்று இருவர் கேட்டார்கள். உண்மைதான், இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிலம் விரியும். 65,536 விரியாது. புதிதாகக் கிடைத்த பேட்டையில் வீடு கட்டினால், அங்கே நடமாடும் ஆள் டவுனில் நடமாடும் ஆளிலிருந்து கழிந்து வருவான். ஆளில்லாத பேட்டையைக் கட்டிவைத்து என்ன செய்வது? அழித்துவிட்டேன்.

2 நவம்பர் 2023

பல் விஷயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நானும் படித்தேன். நகரத்தில் நடந்துபோகும் ஒவ்வொரு மனிதனின் வாய்க்குள்ளும் பற்களைத் தனித்தனியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே ஆகாயத்திலிருந்து எறும்புபோலப் பார்க்கும்போதும் அந்தப் பற்களை கிராபிக்ஸ் கார்டு சுமக்கிறது. தொலைவுக்கு ஏற்றபடி உருவத்தை எளிமையாக்கிக் காட்டும் ஏற்பாடு பல பொருட்களுக்குச் செய்யப்படவில்லை.

நான் பிழைப்புக்கு வீட்டு வரைபடம் வரைகிறவன். நூற்றுக்கு ஒன்று அளவில் வரையும்போது கதவுக்கு ஒரு கோடும் அது திறக்கும் பக்கத்துக்கு ஒரு வளைவும் போடுவோம். தாழ்ப்பாளைக் காட்டமாட்டோம். தாழ்ப்பாளின் திருகு வேண்டுமென்றால் அதற்குத் தனித் தாள். எந்தத் தாளில் எது வேண்டாம் என்று பழகுவதற்கே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. முதல் வருடத்தில் நான் கொண்டுபோன தாளைப் பார்த்து என் குரு, ‘கொத்தனார் இதில் எங்கே சுவரைத் தேடுவான்?’ என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது நினைவுக்கு வருகிறது. உழைக்காதவர்கள் செய்த வேலை இல்லை இது. பல்வரை உழைத்திருக்கிறார்கள். அடுக்கி வைக்க நேரம் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது அவர்கள்மேல் இருந்த கோபம் பாதி குறைகிறது, நேரம் கொடுக்காதவர்கள்மேல் ஏறுகிறது.

3 நவம்பர் 2023

மருமகன் வந்திருந்தான். அவனுக்குப் பதினோரு வயது. இரண்டாம் பாகத்தைக் காட்டினேன். கண்ணாடி மாளிகைகளையும் இலையுதிர் கால மரங்களையும் பார்த்துவிட்டு, ‘மாமா, இதில் நம் ஊர் எங்கே?’ என்றான். பழைய ஆட்டத்தைத் திறந்தேன். உடனே சுலோசன முதலியார் பாலத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

13 நவம்பர் 2023

தீபாவளி முடிந்தது. ஒரு நண்பர், ‘ரசிகர்களுக்கு நல்லா அல்வா கொடுத்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறார். நெல்லைக்காரனாக அந்தச் சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஊரில் அல்வா கொடுப்பது என்றால் உருண்டு திரண்ட ஒரு வேலையை முடித்துக் கையில் கொடுப்பது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அடுப்பில் ஏற்றினால் நெய் பிரிந்து வரும்வரை கரண்டியை நிறுத்தக்கூடாது. இறக்க அவசரப்பட்டால் கையில் ஒட்டும், பச்சைமாவு வாசம் அடிக்கும். அதை எந்தக் கடைக்காரரும் அல்வா என்று சொல்லி வாழையிலையில் வைக்கமாட்டார். இந்த ஆட்டம் நெய் பிரிவதற்கு முன்பு இறக்கியது. அல்வா என்று அதைச் சொல்லவேண்டாம்.

19 நவம்பர் 2023

வேகம் குறைவு, படம் திணறுகிறது என்பதெல்லாம் என் பெரிய வருத்தம் இல்லை என்று இன்று தெரிந்தது. அமைப்புகளையெல்லாம் குறைத்துவைத்து, இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை உட்கார்ந்து ஈரடுக்குப் பாலம் போட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு: ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே 1973இல் கட்டிய திருவள்ளுவர் பாலம். சாலைமேல் சாலை. மேலே பஸ்ஸும் லாரியும், கீழே சிறு வண்டிகளும் சைக்கிளும் நடந்துபோகிறவர்களும். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து கீழடுக்கில் போவேன். மேலே பஸ் போனால் தலைக்கு மேல் கான்கிரீட் முழங்கும். கீழே ரயில் வந்தால் காலுக்குக் கீழே முழங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அப்பா பெடலை நிறுத்திவிட்டு, கேள் என்பார்.

முதல் பாகத்தில் அந்தப் பாலத்துக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. ‘மூவ் இட்’ என்ற மோட் வைத்து ஒவ்வொரு தூணாக நகர்த்தினேன். கீழடுக்கில் சைக்கிள்கள் போகும். நெருங்கிப் பார்த்தால் பெடல் மிதிப்பது தெரியும்.

இரண்டாம் பாகத்தில் பாலம் உருப்படியாக வரவில்லை. தூண்கள் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கீழடுக்குச் சாலைக்கு என்ன வண்டி விடுவது என்று பட்டியலைத் திறந்தேன். சைக்கிள் இல்லை. சரியாகத் தேடவில்லையோ என்று மறுபடி தேடினேன். இல்லை. இந்த ஆட்டத்தில் சைக்கிள் என்ற பொருளே வைக்கவில்லை. மேலே பஸ் போகிறது. கீழே ஒன்றுமே இல்லை. ஒரு மணிவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய மோட்கள் சேர்ந்திருந்த, ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையின் பட்டறையும் இதற்குக் கிடையாது. புது மோட்களுக்கு வெளியீட்டு நிறுவனத்தின் சொந்த இடம் வரும் என்றிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. எட்டு வருடமாக உலகம் முழுவதும் ஆட்கள் சும்மா செய்துகொடுத்த லட்சக்கணக்கான பொருட்கள் அந்தப் பக்கக் கரையிலேயே நின்றுவிட்டன.

27 டிசம்பர் 2023

எல்லோரும் விசாரித்தீர்கள். நலமாக இருக்கிறோம். மின்சாரம் வந்துவிட்டது. வீடு இன்னும் சேற்று வாசம் அடிக்கிறது.

17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. நாங்கள் இருப்பது சிந்துபூந்துறை, ஆற்றங்கரை. ஆற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் பின்பக்கமாக, தெருமுனைச் சாக்கடையை எதிர்த்துக்கொண்டு வந்தது. அம்மாவையும், அடுத்து சிலிண்டரையும், அரிசி மூட்டையையும் எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றினோம். கடைசியாக இடுப்பளவுத் தண்ணீரில் கணினியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். ‘இதுவும் வேண்டுமா?’ என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார்கள். வேண்டும் அத்தை என்று மட்டும் சொன்னேன்.

நோட்டை மறந்துவிட்டேன். மேசை இழுப்பறையில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் எடுத்துக் கொடியில் பிரித்துக் காயப்போட்டேன். பேனாவில் எழுதிய எண்களெல்லாம் கரைந்து நீலமாகப் பரவிவிட்டன. 159, 441, 108.65 எதுவும் இல்லை. பென்சிலில் போட்ட கோடுகள் அப்படியே நிற்கின்றன. பாலத்தின் தூண்கள், ஆற்றின் வளைவு, நான்கு ரத வீதிகள்.

மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. என் ஏழு வருட நெல்லையில் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களே இல்லை. பாளையங்கால் இல்லை. கோடகன் கால் இல்லை. நெல்லைக் கால் இல்லை. ஆற்றைப் போட்டேன், பாலத்தைப் போட்டேன், குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்கு நடுவே வைத்து, தண்ணீர் அளவைக் கூட்டி அது மூழ்குவதைப் படம்பிடித்து உங்களுக்கெல்லாம் காட்டினேன். நயினார்குளத்தை வெறும் பள்ளமாக வெட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். அது எதிலிருந்து நிரம்புகிறது, எங்கே வடிகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. அந்த ஊரில் வெள்ளம் வந்தால் ஆற்றுப் பக்கமிருந்து மட்டும்தான் வரும்.

குறுக்குத்துறை கோயில் இந்த முறையும் மூழ்கி எழுந்தது. உச்சியில் குப்பையும் நாணலும் தொங்குகின்றன.

6 ஜனவரி 2024

தென்காசித் தம்பிக்கு. அக்டோபரில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

வீட்டைக் கழுவியபின் பழைய வன்தட்டைச் சோதித்தேன். 2015இல் சேமித்த முதல் ஊர்க் கோப்பு கிடைத்தது. அதைத் திறந்தபோது அன்றைக்கு ஆட்டம் எப்படி இருந்தது என்று நினைவு வந்தது. வெளியானபோது முதல் பாகத்தில் இரவே கிடையாது. எப்போதும் பகல். சைக்கிளும் கிடையாது. இரண்டும் அந்த வருடம் செப்டம்பரில் ‘ஆப்டர் டார்க்’ என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது வந்தவை. சைக்கிளுக்குத் தனிக் காசு கொடுத்தோம். ஒரே நாளில் குடியேறியவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் கிழடாகி, ஊர் முழுக்க ஒரே வாரத்தில் சாவார்கள். அமரர் ஊர்தி போதாமல் வீட்டுக்கு வீடு பிணம் கிடக்கும். மரண அலை என்போம். அதை எவ்வளவு திட்டினோம்!

நான் ‘முதல் பாகம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது 2015இன் ஆட்டத்தை அல்ல. எட்டு வருட இணைப்புகளும், விலை கொடுத்து வாங்கிய கூடுதல் தொகுப்புகளும், ஊர்பேர் தெரியாதவர்கள் செய்த மோட்களும் சேர்ந்த ஒன்றை. அதைப் புதிதாகப் பிறந்த ஒன்றோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். இது நியாயமில்லை.

அதே நாள், இரவு

இல்லை. நியாயம்தான். பகலில் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாம் பாகம் என்ற பெயரை வைத்தது யார்? அந்தப் பெயரில் முந்தைய எட்டு வருடமும் அடங்கியிருக்கிறது. அந்த எட்டு வருடத்தைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். சைக்கிள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஒரு முறை கற்றுக்கொண்டதை மறுபடி விட்டுவிட்டு வந்தால், புதிது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என் வீட்டுக்கு மாடி எழுப்பும் கொத்தனார், கீழே இருந்த படிக்கட்டை இடித்துவிட்டு, மாடி புதிதுதானே, படி அடுத்த வருடம் வைக்கலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேனா?

பகலில் எழுதியதும் மெய், இரவில் எழுதுவதும் மெய். எனக்கே இதைத் தீர்க்கத் தெரியவில்லை.

26 மார்ச் 2024

நேற்று கடற்கரைச் சொத்துகள் என்றொரு கூடுதல் தொகுப்பை விலைக்கு விட்டிருக்கிறார்கள். நான் வாங்கவில்லை. மரங்களைப் பற்றிய படத்தை மட்டும் பார்த்தேன். பனைக் குடும்பத்து மரங்கள்தாம், ஆனால் நம் தேரிக்காட்டுப் பனை இல்லை. கருத்த தண்டும், சலசலக்கும் விசிறி ஓலையும், நுங்குக் குலையும் கொண்ட ஒரு மரம் எப்போதாவது யாராவது செய்துதருவார்கள். அதே நாளில் மோட்களுக்கான வாசலையும் திறந்துவிட்டார்கள். எனக்கு முக்கியமான செய்தி அதுதான்.

20 ஏப்ரல் 2024

அந்தக் கடற்கரைத் தொகுப்பு வந்த வேகத்தில் அடிபட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இனி எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். தயாரித்த கொலோசல் ஆர்டரின் தலைவர் மரீனா ஹல்லிகைனனும் வெளியிட்ட பாரடாக்ஸ் நிறுவனமும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தைச் சரிசெய்வதற்கு முன்பு விற்பனைக்குப் பொருள் கொண்டுவந்தது தவறு என்பதே சாரம். இப்படி நேராக ஒத்துக்கொள்வதை நான் மதிக்கிறேன்.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ என்ற இன்னொரு நகரம் கட்டும் ஆட்டம் வந்தது. எந்நேரமும் இணையத்தோடு கட்டிப்போட்ட ஆட்டம், வெளியான நாட்களில் சர்வர் தாங்காமல் பலரால் உள்ளேயே போக முடியவில்லை. ஊருக்குக் கொடுத்த இடம் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர். அதில் நெல்லை அடங்கவே அடங்காது. அப்போது நான் பாலிடெக்னிக் மாணவன், நண்பனின் கணினியில் பார்த்தேன். அந்த ஏமாற்றத்தில் காலியாகக் கிடந்த இடத்தில்தான் பின்லாந்தின் தாம்பெரே நகரத்திலிருந்து ஒரு பத்துப் பதினைந்து பேர் செய்த ஸ்கைலைன்ஸ் வந்து நின்றது. முதல் மாதத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றது. இணையம் தேவையில்லை, இடம் பெரிது, மோட் செய்ய வருகிறவனை வா என்று கூப்பிட்டது. ஏமாந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்று யாரும் இல்லை. அதனால்தான் எனக்கு இத்தனை வலிக்கிறது.

7 ஜூலை 2024

ஆட்டத்துக்குள் இருக்கும் பொருளாதாரத்தைத் திருத்தி எழுதிய இணைப்பு ஜூன் கடைசியில் வந்தது. இதற்கு முன்பு ஊர் நஷ்டத்தில் ஓடினால் அரசாங்க மானியம் என்று ஏதோ வந்து நிரப்பிவிடும். எவ்வளவு மோசமாகக் கட்டினாலும் ஊர் திவாலாகாது. அதை எடுத்துவிட்டார்கள். முதல் இரவிலேயே என் ஊர் கடனில் விழுந்தது. இரண்டு பள்ளிக்கூடங்களை மூடி, பஸ் கட்டணத்தை உயர்த்தி, மெல்ல மெல்ல மீட்டேன். எட்டு மாதத்தில் இந்த ஆட்டத்தின் முன் நான் மகிழ்ச்சியாக உட்கார்ந்த முதல் இரவு அது.

தம்பி, தள்ளுபடி வரும்போது இப்போது வாங்கலாம். ஒரு யோசனை: இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்து, வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள் கேட்டால் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை மெனுவைப் பார்ப்பதில் செலவழிக்காதே. நேராகப் பெரிய ஊர் ஒன்றைத் திறந்து உன் கணினி தாங்குகிறதா என்று பார்.

8 ஜூலை 2024

‘பள்ளிக்கூடத்தை மூடினீர்களா அண்ணாச்சி? அதுவும் பாளையங்கோட்டையிலா?’ என்று தம்பி கேட்டிருக்கிறான். பாளையில் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன பாளையில் ஒரு பள்ளிக்கூடத்தை மூட என் கை வராது. மேற்கே, இன்னும் பெயர் வைக்காத ஒரு பகுதியில்.

2 பிப்ரவரி 2025

பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், பிரிட்டன் என்று எட்டு வட்டாரங்களின் கட்டடங்களை மோட் செய்கிறவர்களைக் கொண்டு உருவாக்கி இலவசமாகத் தருகிறார்கள். நல்ல வேலை. நம் பக்கத்துக் கட்டடம் ஒன்றுகூட அந்த எட்டில் இல்லை. முதல் பாகத்தில் நானே செய்த ஓட்டு வீடு ஒன்று இருந்தது. முன்னால் திண்ணை, இரண்டு மரத்தூண், பக்கத்தில் ஒரு முருங்கை. நானூறு பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒருவர் பிரேசிலிலிருந்து, இந்தத் திண்ணை எதற்கு என்று கேட்டு எழுதினார். தெரிந்த ஆங்கிலத்தில் நீளமாகப் பதில் போட்டேன். அந்த வீட்டை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுவரத் தேவையான கருவி இன்னும் வரவில்லை.

23 நவம்பர் 2025

ஒன்பது மாதமாக இங்கே எழுதவில்லை. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இப்போது நடக்கிறார்கள்.

இந்த வாரச் செய்தியைப் படித்திருப்பீர்கள். கொலோசல் ஆர்டரும் பாரடாக்ஸும் பிரிகிறார்கள். 2026 தொடக்கத்திலிருந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது ஐஸ்பிளேக் என்ற வேறொரு குழு. அவர்களும் அதே தாம்பெரே நகரத்துக்காரர்கள்தாம். பழையவர்கள் போவதற்கு முன்பு கடைசி வேலையாகச் சைக்கிளைக் கொண்டுவந்துவிட்டுப் போகிறார்களாம்.

படித்தவுடன் பழைய கோபம் எதுவும் வரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அவர்கள் செய்த ஊருக்குள் என் இரவுகள் போயிருக்கின்றன. வேலை மாறும் ஆசிரியருக்கு வகுப்பே சேர்ந்து வாசல்வரை போகுமே, அப்படித்தான் இருந்தது. 2023இல் இங்கே எழுதியவற்றை இன்று முழுதாகப் படித்தேன். தெரிந்தே ஏன் வெளியிட வேண்டும் என்று கேட்டதை இப்போதும் கேட்பேன். மற்றபடி ‘அவர்கள்’, ‘அவர்கள்’ என்று எழுதியிருக்கிறேனே, யாரைச் சொன்னேன்? பல்லைச் செதுக்கியவரையா, நாளைக் குறித்தவரையா? இரண்டு பேரையும் ஒரே சொல்லில் போட்டது சரியில்லை.

11 ஜனவரி 2026

சைக்கிள் வந்துவிட்டது. அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கங்கள் அப்பளம்போல விறைத்துக் கிடக்கின்றன. பென்சில் கோடுகளை வைத்துப் புது நிலத்தில் முதலில் மூன்று கால்களையும் வெட்டினேன். பாளையங்கால், கோடகன் கால், நெல்லைக் கால். வீடு எதுவும் கட்டுவதற்கு முன்பு அவற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஒரு இடத்தில் சரிவு தப்பாகிப் பின்னால் ஏறியது. நிலத்தை இரண்டு முறை தாழ்த்தினேன், ஓடியது. நயினார்குளம் இப்போது நெல்லைக் காலில் இருந்து நிரம்புகிறது. மேற்கே பேட்டைக்கு இடம் விட்டிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு பழையதுதான். மெதுவாகத்தான் ஓடுகிறது.

அதன்பிறகு பாலம். தூண்களை மோட் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினேன், மூன்று வாரம் இல்லை, நான்கு இரவுகள். மேலே இரண்டு வழிச் சாலை. கீழே ஒற்றைச் சாலை, ஓரத்தில் சைக்கிள் பாதை. அதற்கும் கீழே ரயில்.

நேற்று மருமகன் வந்தான். இப்போது அவனுக்குப் பதிமூன்று, மீசை அரும்புகிறது. ‘மாமா, கீழே போங்கள், இன்னும் கீழே’ என்றான். மௌஸை உருட்டி உருட்டிக் கீழடுக்குக்குள் கண்ணைக் கொண்டுபோனேன். வெகு நேரம் யாரும் வரவில்லை. மேலே ஒரு பஸ் போனது. பிறகு ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் நுழைந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஆள், பின்னால் கேரியர்கூட இல்லை. அவன் பாதியைக் கடக்கும்போது கீழே ரயில் வந்தது.

ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னான் மருமகன். கூட்டினேன்.